வளவு வீட்டுக்கு ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: வைக்கலாமா, வேண்டாமா?

#1 பின்கட்டு

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். தெருவுக்குத் தெரு போகும் வீடு, முகப்பிலிருந்து பின்வாசல் வரை 150 அடிக்கு மேல் இருக்கும். நிரந்தரமாக 6 பேர், அதில் இருவர் எழுபதைத் தாண்டியவர்கள். தீபாவளி, பிள்ளையார் நோன்பு, வீட்டில் ஏதாவது சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றது) என்றால் 30, 40 பேர் தங்குவார்கள்.

குளியலறை பின்கட்டில் 3, இரண்டாம் கட்டில் 1, முகப்பு மாடியில் 1. எல்லாவற்றிலும் 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட். போர் தண்ணீர், லிட்டருக்கு மில்லிகிராமில்: கடினத்தன்மை 480, டிடிஎஸ் (மொத்தம் கரைந்திருக்கும் உப்புகள்) 1,100. இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது.

200 லிட்டர் ஹீட் பம்ப் ஒன்றை வைத்து ஐந்து அறைக்கும் குழாய் இழுக்கலாம் என்று யோசனை. கம்பெனிக்காரர்கள் "கரண்ட் நாலில் ஒரு பங்குதான்" என்கிறார்கள். நம்பலாமா? எங்கே வைப்பது? இந்தத் தண்ணீருக்குத் தாங்குமா?

#2 குளிர்வாயு

நாலில் ஒரு பங்கு என்பது சில நேரத்துக்கு உண்மை. மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற மாட்டீர்கள்.

ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தொட்டிக்குள் தள்ளுகிறது. கம்ப்ரஸருக்கு மட்டும்தான் கரண்ட் செலவு. 1 யூனிட் கொடுத்தால் தண்ணீரில் எத்தனை யூனிட் சூடு ஏறுகிறதோ அதுதான் சிஓபி. காற்று சூடாக இருக்க இருக்க அது கூடும், தண்ணீரை அதிகமாகக் காய்ச்சக் காய்ச்சக் குறையும். குளிர் நாடுகளில் வெளியே பனி உறைந்து, இயந்திரம் அவ்வப்போது அந்தப் பனியை உருக்க வேண்டியிருக்கும். நம் பக்கம் மார்கழியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால் இந்தத் தொழில்நுட்பத்துக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

கணக்கு இப்படி. லிட்டரை ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி 860ஆல் வகுத்தால் யூனிட். 200 லிட்டரை 27லிருந்து 55க்குக் கொண்டுபோக 200 × 28 ÷ 860 = 6.5 யூனிட் சூடு வேண்டும். கீசரில் அது அப்படியே 6.5 யூனிட் கரண்ட். சிஓபி 3.5 என்றால் ஹீட் பம்புக்கு 1.9 யூனிட்.

நேரம்தான் குறை. வீட்டு மாடல்களில் கம்ப்ரஸர் 500 வாட் அளவில் இருந்தால் தண்ணீருக்குப் போவது 1.75 கிலோவாட் சூடு. முழுத் தொட்டி காய 3 மணி 45 நிமிடம் ஆகும். குளிக்கப் போகும்போது சுவிட்ச் போடும் பழக்கம் இதற்கு ஒத்துவராது. டைமரில் மதியம் 1 மணிக்கு ஓடவிட்டு 5 மணிக்கு நிறுத்துங்கள். மதியக் காற்று 34, 35 டிகிரி இருக்கும், விடியற்காலை 23தான். அந்த வித்தியாசம் முழுக்க உங்களுக்கு லாபம். தொட்டி நன்றாக இருந்தால் மறுநாள் காலைக்குள் 2, 3 டிகிரிதான் இறங்கும்.

வாங்கும்போது உள்ளே சூட்டைக் கடத்தும் கேஸ் என்ன என்று பாருங்கள். 60 டிகிரி தண்ணீருக்கு ஆர்-134ஏ ஏறத்தாழ 17 பார் அழுத்தத்தில் வேலை செய்யும். ஆர்-410ஏ அதே சூட்டுக்கு 38 பார். அதனால் ஆர்-410ஏ இயந்திரங்களை 55 டிகிரியோடு நிறுத்திவிடுவார்கள், அதற்கு மேல் ஏற்றுவது கீசரில் இருப்பது போன்ற ஹீட்டர் கம்பி. எங்கே கம்பி தொடங்குகிறதோ அங்கே சேமிப்பு முடிந்தது.

#3 உப்புத்தண்ணி

480 கடினத்தன்மைக்குப் பேசாமல் வைத்தால் கெட்டுப்போகும். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு 200, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை. குடிக்கலாம் என்பதும் காய்ச்சலாம் என்பதும் ஒன்றல்ல. சூடு ஏற ஏற சுண்ணாம்பு கரைந்து நிற்காது, 60 டிகிரிக்கு மேல் வேகமாகப் படியும். ஆகவே அன்றாடம் 52–55க்கு மேல் வைக்காதீர்கள்.

சூடு தண்ணீருக்கு எப்படிப் போகிறது என்பதை விற்பவரிடம் முதலில் கேளுங்கள். மூன்று விதம் உண்டு. தொட்டிக்குள் கேஸ் ஓடும் காயில் முங்கியிருப்பது, தகட்டு எக்ஸ்சேஞ்சர் வழியாகத் தண்ணீரைச் சுற்றவிடுவது, தொட்டியின் வெளிச்சுவரில் காயிலைச் சுற்றியிருப்பது. நம் தண்ணீருக்கு மூன்றாவது மட்டும். அதில் சுண்ணாம்பு காயிலைத் தொடாது, அடியில் வண்டலாகத் தங்கும், திறந்து விட்டுவிடலாம். தகட்டு எக்ஸ்சேஞ்சரின் சந்து சில மில்லிமீட்டர்தான். சீக்கிரம் அடைத்து, ஹை பிரஷர் டிரிப் ஆகத் தொடங்கும், அதாவது கேஸ் அழுத்தம் கூடி இயந்திரம் தானே நின்றுவிடும். மெக்கானிக் வந்து கேஸ் அதிகம் என்று இறக்குவார், ஆனால் கோளாறு தண்ணீர்ப் பக்கம் இருக்கும்.

தொட்டி: உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட இரும்பு, அல்லது ஸ்டெயின்லெஸ். தண்ணீர்ச் சோதனையில் குளோரைடு 200ஐத் தாண்டினால் 304 ரக ஸ்டெயின்லெஸ் வேண்டாம், வெல்டிங் ஓரத்தில் ஊசித்துளை விழும். கண்ணாடிப் பூச்சுத் தொட்டியில் மெக்னீசியம் அனோடு கம்பி இருக்கும். இரும்பு அரிப்பதற்குப் பதில் அது கரையும். 1,100 டிடிஎஸ்ஸுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கு பருமனுக்கு வந்தால் மாற்றுங்கள். சாஃப்ட்னர் (கடினத்தன்மையை நீக்கும் கருவி) வைத்தால் அனோடு தேவையில்லை என்பவர்களை நம்பாதீர்கள். சாஃப்ட்னர் தண்ணீரில் அது இன்னும் சீக்கிரம் கரையும், 6 மாதத்தில் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. முற்றத்து ஓட்டுச் சரிவிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. 1,000 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது சிதறியது போக 3,700 லிட்டர் தேறும். 5,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு நாளைக்கு 120 லிட்டர் வீதம் 40 நாளுக்கு வெந்நீர்க் குழாய்க்கு மட்டும் கொடுக்கலாம். வெந்நீர் அதிகம் தேவைப்படுவதும் மழை பெய்யும் அந்த ஐப்பசி, கார்த்திகையில்தான்.

#4 காரைவீடு

இடம் பற்றி. மாடியில் வைக்கவே கூடாது. 200 லிட்டர் இயந்திரம் தண்ணீரோடு 300 கிலோ வரும். அது 60 செ.மீ. சதுரத்தில் நின்றால் சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிக் காரை போட்ட தளம் அதைத் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். உத்தரத்தின் நுனி சுவருக்குள் இருக்கும், கரையான் தின்றிருந்தாலும் வெளியே தெரியாது.

பின்கட்டில், தரையில், 75 செ.மீ. சதுரமும் 10 செ.மீ. கனமும் உள்ள கான்கிரீட் பலகை போட்டு, சுற்றுத் தரையைவிட 15 செ.மீ. உயரமாக வையுங்கள். மேலே சின்னச் சாய்ப்பு போதும். மூன்று பக்கமும் அடைக்காதீர்கள். பின்பக்கம் 30 செ.மீ., காற்று வெளியேறும் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். முற்றத்தில் வைத்தால் சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்பும், பட்டாலையில் படுப்பவர்களுக்குத் தூக்கம் வராது.

சுவரில் பிராக்கெட் அடிக்க விடாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் எக்ஸ்பான்ஷன் போல்ட் பிடிக்காது, நாளடைவில் செங்கல்லோடு பிடுங்கிக்கொண்டு வரும். குழாயையும் சுவரைக் கொத்தி உள்ளே விடாமல் வெளியே கிளாம்பில் கொண்டுபோங்கள். பளிங்கு போன்ற அந்தப் பூச்சை வெட்டிவிட்டுச் சிமெண்டால் ஒட்டினால் ஒட்டிய இடத்தில் ஈரம் தங்கி, சுற்றியிருக்கும் பழைய பூச்சும் உதிரும்.

இயந்திரம் காற்றிலிருந்து ஈரத்தையும் பிழியும். மழைக்காலத்தில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சொட்டும். அதற்குத் தனிக் குழாய் போட்டுச் சாக்கடைக்கோ செடிக்கோ விடுங்கள். சுவரடியில் சொட்டவிட்டால் காரை ஈரம் குடித்து உப்புப் பூக்கும்.

#5 உப்புத்தண்ணி

காரைவீடு அண்ணன் சொன்னதோடு ஒன்று. சுண்ணாம்பு எடுக்க எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 50 கிராம் கரைத்து ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்துவார்கள். அந்தத் தண்ணீர் ஆத்தங்குடிக் கல்லில் பட்டால் போச்சு. அது சிமெண்டில் செய்த கல், ஆசிட் பட்ட இடம் பளபளப்புப் போய் வெளுத்துவிடும், எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் பழைய நிறம் வராது. தார்ப்பாய் விரித்து, கழிவை ஹோஸ் வழியாக வெளியே கொண்டுபோங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஸ்டெயின்லெஸ் தொட்டிக்குள் ஊற்றவே கூடாது.

#6 மேகமூட்டம்

200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இதைவிட மலிவு, கரண்டே வேண்டாம். அதை ஏன் யாரும் பேசவில்லை?

#7 குளிர்வாயு

பேச வேண்டியதுதான். ஆனால் நம் ஊரில் வெயில் கொளுத்தும் சித்திரை, வைகாசியில் வெந்நீர் வேண்டாம். வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம். தொடர்ந்து மூன்று நாள் மூட்டம் போட்டால் சோலாரிலும் கம்பியைத்தான் போட வேண்டும். கோடையில் யாரும் எடுக்காத தண்ணீர் தொட்டியில் கொதித்துக்கொண்டே இருக்கும், கண்ணாடிக் குழாய்க்குள் சுண்ணாம்பு கல்லாகும். அந்த மாதங்களில் குழாய்களைத் துணி போட்டு மூட வேண்டும். இதற்கெல்லாம் மேல், ஓட்டுச் சரிவில் அந்தப் பாரத்தை எங்கே ஏற்றுவது?

பின்பக்கத்தில் நல்ல கான்கிரீட் மாடி இருந்தால் கரண்ட் எடுக்கும் சோலார் பேனல் போடுங்கள். 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். ஹீட் பம்புக்கு 2 யூனிட் போதும், மதியம் ஓடினால் இரண்டும் பொருந்தும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு.

#8 கணக்குப்பிள்ளை

இயந்திரம் நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. பணம் திரும்புமா என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

20 லிட்டர் வாளி, 40 டிகிரி. 55 டிகிரி வெந்நீரும் 27 டிகிரி பச்சைத் தண்ணீரும் கலந்தால் வாளிக்கு 9.3 லிட்டர் வெந்நீர். ஆளுக்கு ஒன்றரை வாளி என்றாலும் 14 லிட்டர். 6 பேர், எண்ணெய்க் குளியல், பாத்திரம் எல்லாம் சேர்த்து 120 லிட்டர். அதற்கு 3.9 யூனிட் சூடு. கீசர்களில் தொட்டிச் சூடு வீணாவதையும் சேர்த்தால் 4.5 யூனிட் கரண்ட். ஹீட் பம்பில் 200 லிட்டர் தொட்டி சும்மா நிற்கும்போதே நாளுக்கு 1.2 யூனிட் சூடு இழக்கும் என்று வையுங்கள். 3.9, 1.2 இரண்டையும் கூட்டி 3.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.5 யூனிட். நாளுக்கு 3 யூனிட் மிச்சம்.

வருடத்தில் எத்தனை நாள் வெந்நீர் வேண்டும்? 200 நாள்? அப்போது 600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 4,800 ரூபாய். கொட்டேஷன் 1,20,000 என்றால் 25 வருடம். அதுவரை இயந்திரம் இருக்காது.

ஒரே ஒரு சலுகை: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படிகளுக்கும் விலை மாறுகிறது. உங்கள் பில் 520, 550இல் நின்றால், 500க்குள் இறங்குவதில் லாபம் சற்றுக் கூடும். 900 என்றால் அந்தப் பேச்சே இல்லை.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் இன்னும் மோசம். அவர்கள் எடுக்கும் சூடும் தொட்டி இழக்கும் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

தங்கும் விடுதியாக மாற்றிய வீடு என்றால் கதை வேறு. 20 விருந்தினர், ஆளுக்கு 40 லிட்டர், 800 லிட்டருக்கு 26 யூனிட். அதில் நாளுக்கு 18, 19 யூனிட் மிஞ்சும். வருடத்தில் 250 நாள் ஆள் இருந்தால் 4,500 யூனிட்டுக்கு மேல். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் 40,000 ரூபாய். 2,50,000 செலவு 6 வருடத்தில் வந்துவிடும்.

#9 காரைவீடு

பணத்தை மட்டும் பார்த்தால் கணக்குப்பிள்ளை ஐயா சொல்வது சரி. ஆனால் எழுபது வயதுக்காரர்கள் இருக்கும் வீட்டில் கீசர் போதாதபோது விடியற்காலை அண்டாவில் வெந்நீர் கொதிக்கவைத்து வாளியில் தூக்கிவருவதை நிறுத்த முடிகிறதே, அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஐந்து கீசரும் ஒரே நேரத்தில் போட்டால் 10 கிலோவாட். பழைய மரப்பட்டி ஒயரிங் அதற்குப் போட்டதல்ல.

#10 மின்கம்பி

ஒயரிங் பேச்சு வந்ததால்: இதைப் பழைய பட்டி ஒயரிங்கில் இணைக்காதீர்கள். மெயினிலிருந்து தனி லைன். தூரம் 40 மீட்டர் வரும் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்). எர்த் 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டையில் ஒயரே இருக்காது.

ஊர்க்கோடி டிரான்ஸ்ஃபார்மர் என்றால் மாலையில் வோல்டேஜ் 180க்குக் கீழே போகலாம். கம்ப்ரஸர் தொடங்க முடியாமல் முனகி, ஓவர்லோடில் நிற்கும். அது அடிக்கடி நடந்தால் வைண்டிங் கருகும். 3 கேவிஏ ஸ்டெபிலைசர் வையுங்கள், கரண்ட் வந்ததும் 3 நிமிடம் காத்திருந்து தொடங்கும் வசதி அதில் இருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் இதை இணைக்காதீர்கள்.

போர்டுப் பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் புகாதபடி கேபிள் நுழையும் இடத்தில் கிளாண்ட் போடுங்கள். ரிலே காண்டாக்டில் ஒரு பல்லி சிக்கினால் போர்டு போய்விடும்.

#11 பின்கட்டு

எல்லோருக்கும் நன்றி. முகப்பு மாடி அறைக்கும் இதிலிருந்தே கொண்டுபோகலாமா? திறந்தவுடன் வெந்நீர் வர, குழாயில் ஆறும் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிச் சுற்றவிடும் ரிட்டர்ன் லைன் போடச் சொல்கிறார்கள். சாந்திக்கு 40 பேர் வந்தால் 300 லிட்டர் வாங்குவதா?

#12 குளிர்வாயு

முகப்புக்கு வேண்டாம். முக்கால் அங்குல சிபிவிசி குழாயில் மீட்டருக்கு கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். 40 மீட்டருக்கு 10 லிட்டர் வீணாக ஓடிய பிறகே வெந்நீர் வரும், மூடியதும் அதே 10 லிட்டர் குழாயில் ஆறும்.

ரிட்டர்ன் லைன் போட்டால் போக வர 80 மீட்டர். சூடு போகாமல் காக்கும் 13 மில்லிமீட்டர் நைட்ரைல் ஃபோம் சுற்றியிருந்தாலும் மீட்டருக்கு 8 வாட் போகும். 640 வாட், 24 மணி நேரத்தில் 15 யூனிட் சூடு. நீங்கள் குளிக்கத் தேவையானது 3.9. வீட்டுக் குழாயைச் சூடாக்கவே இயந்திரம் ஓடும்.

பின்கட்டு மூன்று அறைக்கு மட்டும், 12 மீட்டருக்குள், அரை அங்குலக் குழாயில் கொடுங்கள். அதில் மீட்டருக்கு 0.12 லிட்டர்தான் நிற்கும். இரண்டாம் கட்டும் முகப்பும் கீசரோடு இருக்கட்டும். சாதாரண பிவிசி குழாய் வெந்நீருக்கு ஆகாது, வளைந்து ஜாயிண்ட் விடும்.

சாந்திக்காக 300 வாங்காதீர்கள். 200 லிட்டரில் நல்ல சூட்டோடு எடுக்கக்கூடியது 160, 170 லிட்டர், அதாவது 17, 18 வாளி. மார்கழியில் பச்சைத் தண்ணீர் 22 டிகிரி என்றால் வாளிக்கு 11 லிட்டர் ஆகி 15 வாளியோடு நிற்கும். தீபாவளி விடியலில் எல்லோரும் ஒரே நேரத்தில் எண்ணெய் தேய்த்து உட்காரும்போது எந்த வீட்டு இயந்திரமும் போதாது. அன்றைக்கு அண்டாவை ஏற்றுங்கள். தினப்படி உங்களுக்கு 150 லிட்டரே போதும், அப்போது கணக்குப்பிள்ளை ஐயாவின் 1.2 யூனிட் இழப்பும் குறையும்.

தொட்டியும் இயந்திரமும் ஒன்றாகவே வரும் மாடலை வாங்குங்கள். பிரித்து வைக்கும் மாடலில் செம்புக் குழாயை இடத்தில் பற்றவைத்து, நைட்ரஜனில் சோதித்து, வேக்குவம் இழுத்துக் கேஸ் விட வேண்டும். அதை அவசரமாகச் செய்தால் முதல் வருடமே கேஸ் ஒழுகும்.

#13 மின்கம்பி

வைத்த பிறகு ஒரு சோதனை. கிளாம்ப் மீட்டரை லைனில் மாட்டுங்கள். கம்ப்ரஸர் மட்டும் ஓடினால் 3 ஆம்பியர் அளவில் இருக்கும். 9 அல்லது 12 காட்டினால் 2 கிலோவாட் ஹீட்டர் கம்பி எரிகிறது. பல இயந்திரங்களில் "ஆட்டோ" நிலையில் அது தானாகப் புகுந்துவிடும், "ஈகோ" நிலையில் மாற்றுங்கள். தனி மீட்டர் ஒன்று வைத்து முழுத் தொட்டி காய எத்தனை யூனிட் என்று பாருங்கள். 150 லிட்டருக்கு 27லிருந்து 55 வரை 4.9 யூனிட் சூடு. மீட்டர் 1.4 காட்டினால் சரி. 2.5 காட்டினால் காற்றுப் பக்கம் தூசி அடைத்திருக்கிறது, அல்லது கேஸ் குறைவு.

#14 தேவகோட்டை_ஆச்சி

எங்கள் வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டித்தான் இருக்கும். நோன்புக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருவோம். பங்காளிகள் நாலு பேர் சேர்ந்து வாங்கலாம் என்கிறார்கள்.

#15 கணக்குப்பிள்ளை

வேண்டாம் ஆச்சி. அறைக்கு ஒரு கீசர், அவரவர் மீட்டர், அதுவே நல்லது.

#16 உப்புத்தண்ணி

ஏற்கனவே வாங்கிவிட்ட வீடாக இருந்தால், பூட்டும்போது தொட்டியைத் தண்ணீரோடு விடாதீர்கள் ஆச்சி. 20லிருந்து 45 டிகிரி வரை தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், ஷவரில் பறக்கும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குப் போகும். வயதானவர்களுக்கு அது ஆபத்தான நிமோனியா.

முதலில் மெயினை நிறுத்துங்கள். தொட்டி ஆறியதும் பச்சைத் தண்ணீர் வால்வை மூடி, மேலே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அடி வால்வில் ஹோஸ் மாட்டி இறக்குங்கள். மேல் குழாயைத் திறக்காவிட்டால் வெற்றிடம் பிடித்துத் தண்ணீர் இறங்காது. கடைசியாக வரும் வெள்ளை வண்டலையும் வெளியே விடுங்கள்.

திரும்பி வந்ததும் நிரப்பி, எல்லாக் குழாயிலும் காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை ஓடவிட்ட பிறகே சுவிட்ச். காலித் தொட்டியில் போட்டால் கம்பி எரிந்துவிடும். முதல் நாள் மட்டும் 60 டிகிரிக்கு மேல் ஏற்றி ஒரு மணி நேரம் வைத்து, ஒவ்வொரு குழாயிலும் அந்தத் தண்ணீரை 5 நிமிடம் விடுங்கள். ஷவர் தலையைக் கழற்றி வைத்துவிட்டு விடுங்கள், அப்போது நுண்துளி அதிகம் பறக்காது. சூடாகும்போது 200 லிட்டர் ஏறத்தாழ 2.7 லிட்டர் விரியும், அதனால் சேஃப்டி வால்வில் கொஞ்சம் சொட்டுவது இயல்பு. சொட்டுகிறது என்று அந்த வாயை அடைக்க யாரையும் விடாதீர்கள்.